வானிலை அறிக்கையின் கடைசிப் பத்தி

(வடகிழக்குப் பருவமழைக் காலத்தை முன்னிட்டு, அக்டோபர் மாதக் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழைக்கால முன்னேற்பாடுகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். மின்கசிவு, மேற்கூரை, குடிநீர்த் தொட்டி பற்றிய சுற்றறிக்கை ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கிறது. அதைத் திரும்பப் படித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கடற்கரையை ஒட்டிய ஓர் உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றினேன். நவம்பர் மாதம். கடைசிப் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். “சார், நாளைக்கு லீவா சார்? போன்ல பாருங்க சார்.” எடுத்துப் பார்த்தேன். எங்கள் மாவட்டத்துக்கு ‘ஓரிரு இடங்களில் லேசான மழை’ என்று இருந்தது. “மழையும் இல்ல, லீவும் இல்ல. வீட்டுப்பாடத்தை முடிச்சிட்டு வாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கைப்பேசியை மூடினேன்.

மறுநாள் ஒரு பையன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். முழங்கை வரைக்கும் தோல் உரிந்திருந்தது. சித்தப்பாவோடு ஃபைபர் படகில் போயிருக்கிறான். துணைக்கு வரவேண்டிய ஆள் வராததால் இவனை ஏற்றிக்கொண்டார்களாம். விடிந்த பிறகு காற்று ஏறி, எஞ்சினில் தண்ணீர் புகுந்து, வலையை அறுத்துவிட்டு அலையில் கிடந்திருக்கிறார்கள். மாலையில் வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வலை போனது, எஞ்சின் போனது. கடனில் வாங்கியவை.

“ஏண்டா, எச்சரிக்கை சொல்லியிருப்பாங்களே?” என்றேன். சித்தப்பா வெளியூர் போய்விட்டு இரவு நேரம் கழித்துத்தான் வந்திருக்கிறார். ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்கவில்லை. வீட்டில் விசாரித்தபோது இவன்தான் பதில் சொல்லியிருக்கிறான். “நீங்க பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே சார். அதத்தான் சொன்னேன்.”

அன்று மாலை அதே அறிக்கையைத் தேடி எடுத்து முழுவதும் படித்தேன். கடைசிப் பத்தி ‘மீனவர்களுக்கான எச்சரிக்கை’ என்று தொடங்கியது. தமிழகக் கடலோரப் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்; மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் விடுமுறை உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீடு நடப்பது அந்தக் கடைசிப் பத்தியில்தான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வானிலை அறிக்கையை முழுவதும் படிக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். தரை, வானம், கடல் என்று மூன்றுக்கும் தனித்தனியாகச் செய்தி இருக்கிறது. மூன்றிலும் நம் பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

எது மழைக்காலம், எது குளிர்காலம்?

முதலில் காலக்கணக்கு. ஐப்பசியில் அடைமழை, மார்கழியில் பனி என்று நாம் வளர்ந்தோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டி வரும். சில நாள் முன்பின் ஆகலாம்.

இந்த மூன்று மாதங்களில் தமிழகத்துக்கு இயல்பாகக் கிடைக்கும் மழை சுமார் 440 மில்லிமீட்டர். ஓராண்டு மழையில் ஏறத்தாழ பாதி. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு இன்னும் கூடும். நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூனில் தொடங்கும் மழை முக்கியம், நமக்கு இது. நம் ஏரிகள், சம்பா நெல், குடிநீர் எல்லாம் இந்த மூன்று மாதத்தை நம்பியிருக்கின்றன.

வடகிழக்குப் பருவக்காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வரும் காற்று. காற்று எங்கே போகிறது என்பதை வைத்துப் பெயர் இல்லை. எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் பெயர். இந்த இடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். ஆனால் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கிலிருந்து வரும் காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்தப் பெயர்களிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். கடலோர வீடுகளில் இந்தச் சொற்கள் இன்றும் வழக்கில் உள்ளன. பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

தரைக்கான செய்தி: சொற்களுக்கு அளவு உண்டு

‘கனமழை’ என்றால் நிறைய மழை என்று நாம் பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். அறிக்கையில் அதற்கு அளவு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. செய்திகளில் இதையே சென்டிமீட்டராக்கி 7 முதல் 11, 12 முதல் 20, 21-க்கு மேல் என்று சொல்வார்கள். 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. அதற்குக் கீழே லேசான மழை.

இடத்துக்கும் அப்படித்தான். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. ‘ஒரு சில இடங்களில்’ என்றால் கால் பங்குக்கு மேல் பாதி வரை. ‘அநேக இடங்களில்’ என்றால் பாதிக்கு மேல் முக்கால் வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால் பங்குக்கும் மேல். கணக்கு ஆசிரியர்கள் கவனியுங்கள்: விழுக்காடு பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

‘ஓரிரு இடங்களில்’ என்று வந்தால் நம் ஊர் அதில் இருக்காது என்று நினைப்பது நம் பழக்கம். நானும் அப்படித்தான் சிரித்தேன். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பயணிகளில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளியில்தான் தங்கினார்கள். ‘ஓரிரு இடம்’ என்பதும் யாரோ சிலருடைய ஊர்தான். அங்கேயும் ஒரு பள்ளி இருக்கும்.

கடலோரம் மட்டும் கவனித்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்த நாள் கணக்கில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். புயல் கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தி கேட்டு உள்மாவட்டங்கள் நிம்மதி அடைய முடியாது என்பதற்கு இது அண்மைச் சான்று.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். மழையளவு காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படுகிறது. ஏன் 8.30? உலகம் முழுவதும் வானிலையாளர்கள் ஒரே நேரத்தில் பதிவு எடுக்க வேண்டும் என்பதற்காகக் கிரீன்விச் நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். கிரீன்விச்சில் அதிகாலை 3 மணி என்றால் நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டி 8.30. தீர்க்கக்கோடு பாடம் நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். ‘டிசம்பர் 2 காலை வரை பதிவான மழை’ என்று செய்தியில் வந்தால் அதில் பெரும்பகுதி டிசம்பர் 1-ஆம் தேதியில் பெய்தது என்பதும் அப்போது புரியும்.

நிறங்களும் உண்டு. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். ஆரஞ்சு வந்த அன்றே பதிவேடுகளை மேலடுக்குக்கு மாற்றிவிட்டால், சிவப்பு வரும் நாளில் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஜனவரியில் தரைக்கான செய்தி மாறிவிடும். மழை குறைந்து ‘நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் உறைபனி’ என்று வரத் தொடங்கும். மலைப்பகுதிப் பள்ளிகளிலிருந்து யாராவது இங்கே வந்திருந்தால் அந்தக் காலை எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வானத்துக்கான செய்தி: கண்ணுக்கு எட்டும் தூரம்

விமானங்களுக்கென்று தனி அறிக்கை இருக்கிறது. பெரிய விமான நிலையங்களில் இருக்கும் வானிலை அலுவலகங்கள் அரை மணிக்கொரு முறை அப்போதைய நிலவரத்தைச் சொல்கின்றன. அடுத்த பல மணி நேரத்துக்கான முன்னறிவிப்பையும் தருகின்றன. அதில் மழையளவைவிட முக்கியமானவை வேறு: காற்றின் திசையும் வேகமும், பார்வைத் தூரம், மேகத்தின் அடிமட்ட உயரம், இடி மின்னல். வேகம் நாட்டில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். உயரம் அடியில் இருக்கும். நேரம் கிரீன்விச் நேரம்.

‘நம் பள்ளிக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பருவமழை முடிந்த ஜனவரியில் மண் ஈரமாக இருக்கும். வானம் தெளிந்திருக்கும். காற்று அசையாது. இரவில் தரை வெகுவேகமாக வெப்பத்தை இழக்கும். தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து, நீராவி மிகச்சிறு துளிகளாகி மிதக்கும். அதுதான் மூடுபனி. பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி என்று வரையறை. 200 மீட்டருக்கும் கீழே போனால் அடர் மூடுபனி. புகை சேர்ந்தால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் புகைத்துகள்களைப் பற்றிக்கொண்டு நீர்த்துளிகள் எளிதாக உருவாகும். போகி அன்று அதிகாலையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாவதும், வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படுவதும் பலமுறை நடந்திருக்கிறது. 2018 போகியன்றும் அப்படி நடந்தது. பழைய டயரை எரிக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது, மாசு என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் இதையும் விளக்கலாம்.

இனி நம் பள்ளிக்கு வருவோம். ஜனவரியில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் காலைச் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். ஏழரை மணி வகுப்புக்குப் பிள்ளை ஆறரை மணிக்கே மிதிவண்டியை எடுக்கிறது. விமானியிடம் கருவி இருக்கிறது, வழிகாட்டக் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. அப்படியிருந்தும் பார்வைத் தூரம் போதாது என்றால் இறக்க மாட்டார். நம் பிள்ளையின் மிதிவண்டியில் பின்விளக்குகூட இருக்காது. எதிரில் லாரி வரும். மூடுபனி முன்னறிவிப்பு வந்த நாட்களில் சிறப்பு வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க எங்கள் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். தேர்ச்சி விகிதம் குறைந்துவிடவில்லை.

பருவமழையிலும் வானத்துக்கான செய்தி முக்கியமாகும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாற்று வெள்ளம் ஓடுபாதைக்குள் புகுந்து, சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக்கிடந்தது. விமான நிலையத்தை மூடுகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்தால், அந்த வட்டாரத்தில் இருக்கும் பள்ளியும் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்கான செய்தி: மழையைவிடக் காற்று

இப்போது நான் படிக்காமல் விட்ட பத்திக்கு வருகிறேன்.

தரையில் இருப்பவருக்கு மழை பெரிது. கடலில் இருப்பவருக்குக் காற்றும் அலையும்தான் பெரிது. வானம் வெளுத்திருக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது, கடல் மட்டும் கொந்தளிக்கும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் இப்படி நடப்பது உண்டு. அப்போது கரையிலிருந்து பார்த்து முடிவுசெய்தால் தவறாகப் போகும்.

காற்றின் வேகத்தை வைத்துத்தான் கடலில் உருவாகும் சுழற்சிக்கும் பெயர் வைக்கிறார்கள். மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 50 வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 51-க்கு மேல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தாண்டினால் புயல்; அப்போதுதான் அதற்குப் பெயர் சூட்டுவார்கள். 89-லிருந்து தீவிரப் புயல். செய்தியில் பெயர் வராத வரை ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. வேகம் இருமடங்கானால் காற்றின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். தாழ்வு மண்டலத்தின் காற்றே ஒரு சிறு படகைக் கவிழ்க்கப் போதும்.

அலை உயரத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை பற்றிய எச்சரிக்கைகளைத் தருகிறது. அங்கே ‘இரண்டரை மீட்டர் அலை’ என்று சொன்னால் எல்லா அலையும் அந்த உயரம் என்று பொருளில்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. தனி ஓர் அலை அதைப்போல் இருமடங்கு வரைக்கும் எழக்கூடும். சராசரி என்ற சொல் எதை மறைக்கும் என்பதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கில் இதைச் சொல்லலாம்.

துறைமுகக் கூண்டு எண்ணையும் பிள்ளைகள் கேட்பார்கள். மொத்தம் 11 எண்கள். 1-ம் 2-ம் புயல் சின்னம் தொலைவில் இருப்பதைச் சொல்லும். 3-ம் 4-ம் அந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பதைக் குறிக்கும். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். இவற்றில் புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதும் அடங்கியிருக்கும். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அதனால் நாகப்பட்டினத்தில் ஓர் எண்ணும், அதே நாளில் தூத்துக்குடியில் வேறோர் எண்ணும் ஏற்றியிருப்பார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் பயணிகளோடு கொண்டுபோனது. அந்தக் காலத்தில் செயற்கைக்கோள் படம் இல்லை, கைப்பேசி இல்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் உருவானபோது எல்லாம் இருந்தன. குமரிக் கடற்பகுதியில் அது மிக விரைவாக உருவெடுத்தது. ஆழ்கடலுக்குப் பல நாள் தங்கலாகப் போயிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து சிறிது தூரம் தாண்டினால் கைப்பேசிக்கு அலைவரிசை கிடையாது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதன் பிறகுதான் ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் மீனவர்களுக்கு வரத் தொடங்கின. கருவி வந்தாலும், புறப்படுவதற்கு முன் அடுத்த நான்கைந்து நாட்களுக்கான செய்தியையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பள்ளியில்தான் விதைக்க முடியும்.

பருவ முன்னறிவிப்பை எப்படி எடுத்துக்கொள்வது?

அக்டோபர் தொடங்கும்போது ‘இந்த ஆண்டு இயல்பைவிட அதிக மழை’ அல்லது ‘குறைவு’ என்று ஒரு செய்தி வரும். தென்னிந்தியப் பகுதிக்கான வடகிழக்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 விழுக்காட்டுக்குள் இருந்தால் ‘இயல்பு’ என்பது வானிலைத் துறையின் வரையறை. முன்னறிவிப்பு, எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்கிறது. ஒரு பையில் ஆறு சிவப்புக் கோலியும் நான்கு நீலக் கோலியும் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். நீலம் வந்தால், பையில் சிவப்புதான் அதிகம் என்று சொன்னது பொய்யாகிவிடுமா?

பசிபிக் கடலின் வெப்பநிலை இதில் பங்கு வகிக்கிறது. எல் நினோ ஆண்டுகளில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கூடுவதும், லா நினா ஆண்டுகளில் குறைவதும் பொதுப்போக்கு. ஆனால் 2021 லா நினா ஆண்டு. தமிழகத்தில் இயல்பைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது.

2016 இன்னும் நல்ல பாடம். அந்தப் பருவத்தில் தமிழக மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு, கடும் வறட்சி. அதே பருவத்தில், டிசம்பர் 12-ஆம் தேதி, வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஆகவே ‘இந்த வருஷம் மழை குறைவாம்’ என்று கேட்டுவிட்டு அன்றாட அறிக்கையை விட்டுவிடக் கூடாது. பருவ முன்னறிவிப்பு பயிருக்கும் ஏரிக்கும். நாளைய பாதுகாப்புக்கு நாளைய அறிக்கைதான்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

செலவில்லாமல் செய்யக்கூடிய நான்கு வேலைகளைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் செய்துபார்த்தவை.

ஒன்று, மழைமானி. அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடிப்பகுதி கொண்ட பாட்டில் அல்லது டப்பாவைத் திறந்த வெளியில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். காலை 8.30-க்கு அளவுகோலால் ஆழத்தை அளந்தால் அதுதான் மழையளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். நம் வகுப்பறைக் கட்டடத்தின் கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 65 மில்லிமீட்டர் கனமழையில் 6,500 லிட்டர். மழைநீர்ச் சேகரிப்புக்கு விளம்பரப் பலகையைவிட இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

இரண்டு, காற்று. கொடிக்கம்பத்தில் ஒரு துணிப்பட்டை கட்டி, எந்தத் திசையிலிருந்து காற்று வருகிறது என்று தினமும் எழுதச் சொல்லுங்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும் நாளில் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். தாழ்வழுத்தத்தின் மையம் ஏறக்குறைய இடதுகைப் பக்கம் இருக்கும். வடகோளத்தில் காற்று அதை இடஞ்சுழியாகச் சுற்றுவதுதான் காரணம். பிறகு வரைபடத்தில் சரிபாருங்கள். பிள்ளைகள் அன்று முழுவதும் இதையே பேசுவார்கள்.

மூன்று, பார்வைத் தூரம். பள்ளி வாசலில் நின்றால் தெரியும் கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, கைப்பேசிக் கோபுரம் ஆகியவற்றின் தூரத்தை முன்பே அளந்து எழுதி வையுங்கள். பனிக்காலையில் எது வரை தெரிகிறது என்று குறிக்கலாம்.

நான்கு, காலை வழிபாட்டுக் கூட்டம். செய்தி வாசிப்போடு மூன்று வரி சேருங்கள்: தரை, வானம், கடல். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் தமிழிலும் அறிக்கை தருகிறது. தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் சொல்லட்டும். உயர்நிலைப் பள்ளியில் மாணவரே வாசிக்கட்டும். கடலே பார்க்காத ஊராக இருந்தாலும் கடல் வரியை விடாதீர்கள். எங்கிருந்து மீன் வருகிறது, யார் போய்க் கொண்டுவருகிறார் என்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். கூடவே, மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070 இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதிவையுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. நாம் அறிக்கையைப் படித்துச் சொல்ல வேண்டும். நாமே முன்னறிவிப்பாளராக ஆகிவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் வானிலைக் குரல்பதிவுகளை வகுப்பில் போடாதீர்கள். வகுப்பில் நாம் சொல்வது வீடு வரைக்கும் போகிறது. அங்கே ‘சார் சொன்னாங்க, டீச்சர் சொன்னாங்க’ என்று அப்படியே நம்புகிறார்கள். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அவனுடைய சித்தப்பாவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. “நானும்தான் சார் கேட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டு டீ வாங்கிவர ஆளனுப்பினார். அது திட்டியதைவிட அதிகமாக உறுத்தியது.

அடுத்த திங்கட்கிழமை முதல் காலைக் கூட்டத்தில் வானிலை வாசிக்கும் பொறுப்பை அந்தப் பையனுக்கே கொடுத்தோம். தேர்வில் தமிழ் வாசிக்கத் திணறுகிறவன் அவன். அறிக்கையை முந்தின நாள் மாலையே என்னிடம் வாங்கி, நாலைந்து முறை படித்துப் பழகிவிட்டு வருவான். மேலிருந்து கீழே வாசி என்று எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை. பள்ளியை முடித்துப் போகும் வரையில் கடைசிப் பத்தியிலிருந்துதான் தொடங்கினான்.